மேடை ஏறட்டும் இந்நாடகங்கள்!

ஒரு நாடகத்தைக் கண்டு ஒரு பேரரசு நடுங்கியது! கதிரவன் மறையாத பேரரசு என்று தன்னைத்தானே மெச்சிக்கொண்ட வல்லரசு அது. பீரங்கி இருந்தது அதனிடம், பெரும்படை இருந்தது, கப்பல்கள் இருந்தன, காவற்கூடங்கள் இருந்தன. இவ்வளவும் இருந்தும், திரைச்சீலையும் அரிதாரமும் தவிர வேறு படைக்கலம் ஏதுமற்ற சில நடிகர்களைக் கண்டு அது கலங்கியது. கட்டுக்கதையன்று இது, வரலாறு.

வங்கத்தில் அவுரி பயிரிடச் சொல்லி உழவர்களை வெள்ளைத் தோட்ட முதலாளிகள் அடித்தும் அடைத்தும் வதைத்த கொடுமையை, தீனபந்து மித்ரா ‘நீல தர்ப்பணம்’ என்னும் நாடகமாகத் தீட்டினார். ஆண்டு 1860. மறு ஆண்டு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. அது வெளிவரக் காரணமாயிருந்த பாதிரியார் ஜேம்ஸ் லாங் குற்றக் கூண்டில் நிறுத்தப்பட்டார். ஒரு மாதச் சிறை. 1,000 ரூபாய் தண்டம். அந்தத் தண்டத் தொகையைக் காளிபிரசன்ன சிங்கர் என்ற வங்க எழுத்தாளர் தம் கைப்பொருளிலிருந்து செலுத்தினார். நாடகம் எழுதியவர் ஒருவர். மொழிபெயர்ப்புக்குச் சிறை சென்றவர் இன்னொருவர். தண்டம் கட்டியவர் மற்றொருவர். உண்மைக்கு எத்தனை தோள்கள் வேண்டியிருக்கின்றன, பாருங்கள்!

1872ஆம் ஆண்டு டிசம்பரில் கல்கத்தாவில் தேசிய நாடக அரங்கு தொடங்கப்பெற்றபோது, அதன் முதல் நாடகமாக மேடை ஏறியதும் இந்த ‘நீல தர்ப்பணம்’தான். நூலாய் இருந்தவரை சிலர் படித்தனர். மேடை ஏறியதும் பலர் பார்த்தனர். எழுத்தறிந்தவனும் பார்த்தான்; எழுத்தறியாதவனும் பார்த்தான். அங்கேதான் ஆட்சியாளருக்கு அச்சம் பிறந்தது. வேல்ஸ் இளவரசரைத் தம் இல்லத்துக்கு அழைத்து உபசரித்த வங்கத்துப் பெரிய மனிதர் ஒருவரை நையாண்டி செய்து 1876இல் ஒரு கேலி நாடகம் நடந்தது. போதாதா? அவ்வாண்டே அவசரச் சட்டம் பாய்ந்தது. அதன் பின்னாலேயே நாடக நிகழ்ச்சிச் சட்டமும் வந்தது. எந்த நாடகத்தையும் அவதூறு என்றோ அரசு வெறுப்பு என்றோ கூறித் தடுக்க ஆட்சிக்கு அதிகாரம் கிடைத்தது.

வெள்ளையர் போயினர்; சட்டம் போகவில்லை. போகாதது மட்டுமா? 1954ஆம் ஆண்டு சென்னை மாநிலத்துக்கென்றே புதிய நாடகச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அது நடிகவேள் எம்.ஆர். ராதாவின் மேடைக்காகவே நெய்யப்பட்ட வலை என்பது அந்நாளில் ஊரறிந்த பேச்சு. அந்தச் சட்டத்தின் முதன்மையான பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு ஒவ்வாதவை என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது 2013ஆம் ஆண்டில்தான். 1876ஆம் ஆண்டுச் சட்டமோ, பயனற்ற பழஞ்சட்டங்களோடு சேர்த்து ஏட்டிலிருந்து நீக்கப்பட்டது 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்! 140 ஆண்டுகளுக்கு மேல் ஒரு வாள் கூத்தாடியின் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தது.

வாள் அகற்றப்பட்டுவிட்டது. நன்று. ஆனால் நாம் கேட்கிறோம்: மேடையில் இன்று என்ன நடக்கிறது?

அண்மையில் ஒரு சிற்றூர் மன்றத்தின் ஆண்டுவிழாவுக்குச் சென்றிருந்தோம். நம் கொள்கையில் பற்றுள்ள இளைஞர்கள் நடத்தும் மன்றம். படிப்பகம் உண்டு, பேச்சுப் பயிற்சி உண்டு, அன்று இரவு நாடகமும் உண்டு. சாமியார் ஒருவன் வருகிறான்; ஏய்க்கிறான்; பகுத்தறிவுள்ள இளைஞன் ஒருவன் வந்து அவன் தாடியைப் பிடித்து இழுக்கிறான்; தாடி கையோடு வருகிறது. கொட்டகை அதிரக் கைதட்டல்! நாமும் தட்டினோம். தட்டிய கை ஓயுமுன்னே கண்ணில் பட்டது வேறொன்று. சாமியாரிடம் ஏமாறும் விதவையாக நடித்தவர் ஓர் இளைஞர். அவர் இடுப்பை ஒடித்து நடந்தபோதும், மூக்கைச் சிந்தி அழுதபோதும் எழுந்த சிரிப்பொலி, தாடி கழன்றபோது எழுந்ததைவிடப் பெரிது. பெண் வேடத்துக்குப் பெண் கிடைக்கவில்லையா என்று பின்னர் வினவினோம். “எங்கள் வீட்டிலிருந்தெல்லாம் அனுப்பமாட்டார்கள், ஐயா” என்றார் நாடகத்தை எழுதிய தோழர். எங்கள் வீடு! சாமியாரின் வீடன்று, நம் தோழரின் வீடு!

அன்றிரவு வண்டியில் திரும்பும்போது நாம் எண்ணியதன் விளைவே இக்கட்டுரை. எதிரியின் தாடியை இழுக்கும் நாடகம் எளிது. நம் முகத்துக்கு நேரே கண்ணாடி பிடிக்கும் நாடகம் அரிது. முன்னது கைதட்டலைத் தரும். பின்னது கைதட்ட உயர்ந்த கையைப் பாதியில் நிறுத்தும். நமக்கு இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவது வகைக்குத்தான் இன்று பஞ்சம். அந்தப் பஞ்சம் மன்றங்களில்தானே தவிர, நாடக இலக்கியத்தில் இல்லை. நம் காலத்தில் பிறந்த நாடகங்கள் சிலவற்றை இங்கே முன்வைக்கிறோம். படியுங்கள், பிறகு நடியுங்கள்.

முதலில் நம் மண்ணிலிருந்தே தொடங்குவோம். நந்தன் கதையை அறியாதார் யார்? சேக்கிழார் பாடினார் 12ஆம் நூற்றாண்டில். ஆதனூர்ப் புலையர் குலத்து நந்தன் தில்லைக்குப் போக விழைகிறான். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று நாளைக் கடத்துகிறான். இறுதியில் தீயில் புகுந்து, புரிநூல் அணிந்த முனிவனாக வெளிவருகிறான். 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் அதைக் கீர்த்தனையாக்கினார். சேக்கிழாரிடம் இல்லாத ஒரு வேதியப் பண்ணையாரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார். ஆக, பக்திக் கதைக்குள் நிலம் புகுந்தது; கூலி புகுந்தது; ஆண்டையும் அடிமையும் புகுந்தனர். ஆனால் முடிவு மட்டும் மாறவில்லை. தீ சுடவில்லை, சோதி ஆயிற்று!

சுடாத தீ உண்டா? இந்த ஒரு கேள்வியைக் கையிலெடுத்துக்கொண்டு இந்திரா பார்த்தசாரதி 1978இல் ‘நந்தன் கதை’ நாடகத்தை எழுதினார். அங்கே தீ சுடுகிறது. அது இறைவன் வைத்த சோதனையன்று. மேல்சாதியார் வகுத்த சூழ்ச்சி. பக்தியின் பெயரால் ஒரு மனிதனை நம்பவைத்து, அவன் காலாலேயே அவனை நடக்கவைத்து, நெருப்புக்குள் அனுப்பும் சூழ்ச்சி. இந்த நாடகத்தை எழுதிய அதே கை, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர் ‘குருதிப்புனல்’ நாவலை எழுதிய கை என்பதை மறவாதீர்கள். 1968 டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்து சாம்பலான கொடுமையின் பின்னணியில் எழுந்தது அந்நாவல். வெண்மணியின் தீயைப் பார்த்தவன் தில்லையின் தீயை எப்படி நம்புவான்? பழைய கதையை ஏன் திரும்ப எழுதவேண்டும் என்று கேட்போருக்கு இதுவே விடை: கதை பழையது, நெருப்பு பழையதன்று.

இதை நடிக்கும் மன்றத்தாருக்கு ஒரு சொல். நந்தனை அழுமூஞ்சியாக ஆக்கிவிடாதீர்கள். அவன் ஆசை உண்மையான ஆசை. அவன் நம்பிக்கை உண்மையான நம்பிக்கை. அந்த உண்மையைக் காட்டினால்தான் அதை ஏய்த்தவர்களின் கொடுமை உறைக்கும். நம்புகிறவனைப் பழித்துவிட்டு, நம்பவைத்தவனை விட்டுவிடுவது பகுத்தறிவாகாது.

அடுத்து, நம் அண்டை நாட்டுக்குச் செல்வோம். கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1990இல் தந்த நாடகம் ‘தலெதண்ட’. களம், 12ஆம் நூற்றாண்டுக் கல்யாண நகரம். இன்றைய பீதர் மாவட்டத்துப் பசவ கல்யாண். அங்கே பசவண்ணரைச் சுற்றிச் சரணர்கள் என்ற கூட்டம் திரள்கிறது. செருப்புத் தைப்பவர், துணி வெளுப்பவர், படகோட்டி, நெசவாளி என்று உழைப்பவர் எல்லாம் ஒரே பந்தியில் அமர்கின்றனர். சாதி ஒழிக என்று பேசுகின்றனர்; பேசியபடி பாடவும் செய்கின்றனர். மன்னன் பிஜ்ஜளன் அவர்களைப் பொறுத்துக்கொள்கிறான். பேசும்வரை யாருக்கும் தொல்லையில்லை.

பேச்சு செயலானபோதுதான் பூமி பிளந்தது. பார்ப்பனராய்ப் பிறந்து சரணரான மதுவரசரின் மகளுக்கும், செருப்புத் தைக்கும் குலத்து ஹரளய்யரின் மகனுக்கும் திருமணம் என்று முடிவாகிறது. இங்கே கர்னாட் செய்திருப்பதைக் கவனியுங்கள். செய்தி கேட்டுப் பசவண்ணர் துள்ளிக் குதிக்கவில்லை, தயங்குகிறார். விளைவை எண்ணி அஞ்சுகிறார். நாம் இதற்கு ஆயத்தமாகிவிட்டோமா என்ற கவலை அவரை அரிக்கிறது. எனினும் திருமணம் நடக்கிறது. இரு தந்தையரும் கண் பிடுங்கப்பட்டு, யானைக்காலில் கட்டி இழுத்துக் கொல்லப்படுகின்றனர். அரண்மனையில் மகனே தந்தையைச் சிறை வைக்கிறான். சரணர் கூட்டத்திலேயே பொறுமையிழந்த இளைஞன் ஒருவன், பழிக்குப் பழி என்று மன்னனையே குத்திக் கொல்கிறான். எந்த மன்னனை? அத்தனை காலமும் சரணர்களுக்கு நிழல் தந்துவந்த மன்னனை! அதன்பின் கல்யாண நகரில் மிஞ்சியது குருதி; வேட்டை; ஓட்டம்.

இது யாருக்கு எழுதப்பட்ட நாடகம்? கோயிலும் இட ஒதுக்கீடும் நாட்டைக் கொந்தளிக்க வைத்த அந்த ஆண்டுகளில், எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய கேள்விகள் அப்படியே இருப்பதைக் கண்டு எழுதப்பட்டது. சாதி மறுப்புத் திருமணம் செய்த இணையர் வெட்டப்படும் செய்தியை இன்றும் நாளேட்டில் படிக்கிற நமக்கு இது அயல்நாட்டுக் கதையா? பசவண்ணர் கால வசனங்களை ஆராய்ந்த அறிஞர் எம்.எம். கலபுர்கி 2015 ஆகஸ்டு 30ஆம் நாள் தார்வாடில் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பசவண்ணரின் காலம் முடிந்துவிட்டது என்று எவர் சொல்ல முடியும்?

இந்த நாடகம் நம்மைக் கேட்கும் கேள்வி கூர்மையானது: கூட்டத்தில் சாதி ஒழிப்புத் தீர்மானத்துக்குக் கை தூக்கும் தோழரே, உம் மகள் நாளை அப்படி ஒரு துணையைத் தேர்ந்தால் உம் கை எங்கே இருக்கும்? இன்னொரு கேள்வியும் உண்டு. கோபம் கொண்ட இளைஞனின் கத்தி, தான் காக்க நினைத்த கொள்கையின் மேலேயே பாய்ந்ததே, அது ஏன்? பாவண்ணன் இதைத் தமிழாக்கியிருக்கிறார். மன்றத்தில் உரக்கப் படித்து, ஒரு மாலை முழுதும் வாதிடத் தகுந்த நாடகம்.

மூன்றாவதாக, மராத்தியத்து ‘காசிராம் கோத்வால்’. எழுதியவர் விஜய் தெண்டுல்கர். 1972 டிசம்பரில் பூனாவில், ஜப்பார் படேலின் இயக்கத்தில் மேடை ஏறியது. பேஷ்வாக்களின் தலைநகரான பூனாவில், நானா பட்னவீஸ் என்ற அமைச்சரின் ஆட்சி. வடக்கேயிருந்து பிழைக்க வந்த காசிராம் என்ற பார்ப்பனன் அந்நகரில் திருடன் என்று பழிக்கப்பட்டு, அடித்து அவமதிக்கப்படுகிறான். வஞ்சம் தீர்க்க அவன் தேர்ந்த வழி கொடியது. தன் பெற்ற மகளையே நானாவின் காமத்துக்குக் கொடுத்து, நகரக் காவல் தலைவன் பதவியை வாங்குகிறான். பிறகு ஊரையே வதைக்கிறான். மகள் மடிகிறாள். கொடுமை முற்றி ஊர் திரண்டபோது, பதவி கொடுத்த நானாவே காசிராமைக் கூட்டத்தின் கையில் ஒப்படைக்கிறான். கல்லடியில் அவன் சாகிறான். நானா? நானா அப்படியே இருக்கிறான்!

வரலாற்றிலும் காசிராம் உண்டு. 1791இல் தெற்கிலிருந்து பூனாவுக்கு வந்த பார்ப்பனர் பலரை இருட்டறையில் அடைக்க, அவர்கள் மூச்சுத்திணறி மாண்டனர்; அதன் விளைவாய்க் காசிராம் கல்லால் அடித்துக் கொல்லப்பட்டான். ஆனால் தெண்டுல்கர் தம் நாடகத்தை வரலாற்று நாடகம் என்று கூறிக்கொள்ளவில்லை. காசிராம்கள் எப்படி உண்டாக்கப்படுகிறார்கள் என்பதே அவர் காட்டவந்தது. தனக்கு வேண்டாதவரை ஒடுக்க ஆட்சி ஒரு முரடனை வளர்க்கும். அவன் அளவு மீறியதும் அவனையே பலியிட்டு, நீதி வென்றது என்று முரசறையும். கூட்டமும் மகிழ்ந்து கூத்தாடும். இது எந்த நூற்றாண்டுக் கதை, சொல்லுங்கள்!

பார்ப்பனரை இழிவுபடுத்துகிறது, நானாவை இழிவுபடுத்துகிறது என்று எதிர்ப்புக் கிளம்பியது. 19 காட்சிகள் நடந்தபின், அதை நடத்திய சங்கமே அதை நிறுத்தியது. நடிகர்கள் ஓய்ந்தனரா? இல்லை. தியேட்டர் அகாடமி என்ற புதிய குழுவை அமைத்து 1974இல் மீண்டும் மேடை ஏற்றினர். தடை போட்டது அரசன்று. தம் சொந்தச் சங்கம். இதை நம் மன்றத்துத் தலைவர்களும் செயலாளர்களும் ஒருமுறைக்கு இருமுறை படிக்கட்டும்.

இதை நடிக்கக் காட்சித் திரைகளும் தட்டிகளும் வேண்டா. நாடகத்திலே ஒரு மனிதச் சுவர் வருகிறது. வரிசையாய் நிற்கும் பார்ப்பனர் கூட்டமே அந்தச் சுவர். அது பாடும், ஆடும், பின்புறம் திரும்பி நின்று நடப்பதை மறைக்கும், வேண்டும்போது திறந்து காட்டும். கொடுமையை மறைக்கும் சுவர் கல்லால் ஆனதன்று, மனிதர்களால் ஆனது என்று காட்ட இதைவிட எளிய வழி உண்டோ? பாட்டும் ஆட்டமும் மிக்க இந்நாடகம், தெருக்கூத்தில் பழகிய நம் ஊர் இளைஞர்களின் உடலுக்கு நன்றாகவே பொருந்தும்.

நான்காவது நாடகத்தைத்தான், மேலே சொன்ன அந்தச் சிற்றூர் மன்றத்தாருக்கென்றே நாம் எடுத்து வைக்கிறோம். அதுவும் தெண்டுல்கருடையதே. ‘சாந்ததா! கோர்ட் சாலூ ஆஹே’. அமைதி, நீதிமன்றம் நடைபெறுகிறது என்பது பொருள். 1967இல் பம்பாயில் ‘ரங்காயன்’ குழு, அரவிந்த் தேஷ்பாண்டேயின் இயக்கத்தில் அரங்கேற்றியது. நாயகி பேணாரேயாக நடித்தவர் சுலபா தேஷ்பாண்டே.

கதையின் அமைப்பே நம்மைக் குத்துகிறது. மக்களுக்கு அறிவூட்டுவதற்காக ஊர் ஊராகச் சென்று போலி நீதிமன்ற நாடகம் நடத்தும் ஒரு குழு. அணுகுண்டு ஆயுதத்துக்காக அமெரிக்கத் தலைவர் ஜான்சனையே கூண்டில் ஏற்றும் முற்போக்குக் குழு! அதிலே சமூகத் தொண்டர் ஒருவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, அறிவியல் பேசுபவர் உண்டு, நடிகர் உண்டு, பள்ளி ஆசிரியை லீலா பேணாரேயும் உண்டு. இரவு நாடகத்துக்கு முன்னே பொழுது போகவேண்டும். விளையாட்டாக ஒரு வழக்கு நடத்துவோமே என்கின்றனர். குற்றவாளி யார்? பேணாரே இருக்கட்டும். குற்றம்? சிசுக்கொலை. விளையாட்டுத்தானே!

விளையாட்டு மெல்ல மெல்ல வேட்டையாகிறது. மணமாகாத அவள் கருவுற்றிருக்கிறாள் என்ற உண்மை வெளியே இழுக்கப்படுகிறது. அவள் எங்கே போனாள், யாரிடம் பேசினாள், ஏன் சிரித்தாள் என்று ஒவ்வொருவரும் சாட்சி சொல்கின்றனர். கருவுக்குக் காரணமான பேராசிரியர் அக்குழுவைச் சேர்ந்தவரே. அவர் அன்று வரவில்லை. அவர் பெயர் அடிபடுகிறது. ஆனால் அவருக்குக் கூண்டு இல்லை, விசாரணை இல்லை, தீர்ப்பும் இல்லை. இறுதியில் தீர்ப்பு வருகிறது: வயிற்றிலுள்ள கரு அழிக்கப்படவேண்டும்! சிசுக்கொலை என்று குற்றம் சாட்டிய மன்றம் சிசுக்கொலையையே தண்டனையாக விதிக்கிறது. பிறகு அத்தனை பேரும் ஒன்றும் நடவாததுபோல் மாலை நாடகத்துக்கு ஒப்பனை செய்யக் கிளம்புகின்றனர். அவள் மட்டும் அசையாமல் கிடக்கிறாள்.

தோழர்களே, இந்த நாடகத்தில் பூசாரி இல்லை, மடாதிபதி இல்லை, பஞ்சாங்கம் இல்லை. இருப்பவர்கள் எல்லாம் படித்தவர்கள், பொதுநலம் பேசுபவர்கள், நம்மைப் போன்றவர்கள். அதனால்தான் இதை நாம் படிக்கவேண்டும். ஜான்சனுக்கு எதிராக வழக்கு நடத்துவது எளிது. அவர் வந்து மறுமொழி சொல்லப்போவதில்லை. பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு நீதி செய்வது கடினம். பெண் விடுதலையைப் பேச்சில் ஏற்று வீட்டில் மறுக்கும் நம் நோய்க்கு இதைவிடக் கசப்பான மருந்து கிடையாது. செலவோ மிகச் சிறிது. ஒரு கூடம், சில நாற்காலிகள், ஒரு மேசை. அவ்வளவே. ஆனால் பேணாரேயாக நடிக்க ஒரு பெண் வேண்டும். ஆண் ஒருவர் சேலை உடுத்தி நடிக்க முடியாத நாடகம் இது. சிரிப்பு எழுந்தால் நாடகம் செத்தது. நம் கொள்கையும் அதனோடு செத்தது.

ஐந்தாவதாக, கடல் கடந்து வருவது ‘கலிலியோவின் வாழ்க்கை’. ஜெர்மானிய நாடகாசிரியர் பெர்டோல்ட் பிரெக்ட், இட்லரின் கொடுங்கோன்மைக்குத் தப்பி டென்மார்க்கில் அகதியாய் வாழ்ந்தபோது 1938இல் எழுதியது. வானத்தைத் தொலைநோக்கியால் பார்த்து, வியாழனைச் சுற்றும் நிலவுகளை 1610இல் உலகுக்கு அறிவித்தவர் கலிலியோ. பூமி சுழல்கிறது என்ற கருத்தை வாதிட்ட குற்றத்துக்காகத் திருச்சபையின் விசாரணைமன்றம் அவரை மண்டியிடச் செய்தது. 1633 ஜூன் 22ஆம் நாள் அவர் தம் கருத்தை மறுத்துரைத்தார். 1642இல் சாகும்வரை வீட்டுக்காவல்.

நம் இளைஞர்கள் இந்நாடகத்தைத் தேடிப் படிக்கும்போது, மதத்தை எதிர்த்த மாவீரனின் கதை என்று எண்ணித் தொடங்குவர். தொலைநோக்கியை நீட்டி, பாருங்கள் என்று கெஞ்சியும், பார்க்க மறுத்து ஏட்டைப் புரட்டும் பண்டிதர் காட்சியில் சிரிப்பர். போப்பாக அமர்ந்துவிட்ட அறிவாளி, அங்கி மேல் அங்கியாக உடுத்தப்படும்போது மனிதத்தன்மை மறைந்து பதவி மட்டுமே எஞ்சும் காட்சியில் வியப்பர். ஆனால் இறுதிக்கு முந்திய காட்சியில் திடுக்கிடுவர். கலிலியோ மறைவாக எழுதிய நூலைப் பெற்றுக்கொண்ட மாணவன் ஆந்திரேயா, உயிரோடிருந்து ஆராயத்தானே மறுத்துரைத்தீர்கள், என்னே உம் சூழ்ச்சித் திறன் என்று புகழ்கிறான். கலிலியோ அந்தப் புகழை ஏற்க மறுக்கிறார். அஞ்சினேன், அதனால் பணிந்தேன், அறிவை ஆள்வோர் கையில் கொடுத்துவிட்டேன் என்று தம்மைத் தாமே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்.

இந்தக் கடுமை முதற்படியில் இவ்வளவு இல்லை. 1945 ஆகஸ்டில் இரோசிமாவில் குண்டு விழுந்தது. அறிவியல் எவர் கையில் போய்ச் சேர்ந்தது என்று உலகம் கண்டது. பிரெக்ட் தம் நாடகத்தைத் திருத்தினார். நடிகர் சார்லசு லாட்டனோடு சேர்ந்து உருவாக்கிய அந்தப் புதிய வடிவம் 1947இல் அமெரிக்காவில் மேடை ஏறியது. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள், அமெரிக்க நாடாளுமன்றத்தின் விசாரணைக் குழு பிரெக்டையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்டது. மறுநாளே அவர் அந்நாட்டை விட்டு வெளியேறினார். விசாரணையைப் பற்றி நாடகம் எழுதியவனுக்கே விசாரணை!

அறிவு மட்டும் போதும் என்று எண்ணுகிற பகுத்தறிவாளனுக்கு இது எச்சரிக்கை. அறிவு வேண்டும், அதைக் காக்கும் துணிவும் வேண்டும், அது யாருக்குப் பயன்படுகிறது என்ற பொறுப்பும் வேண்டும்.

இவையெல்லாம் பெரிய நாடகங்கள், எங்களிடம் பணம் இல்லை, கொட்டகை இல்லை என்பீர்களா? அதற்கும் முன்னோடிகள் உண்டு. நகரமைப்புப் பொறியாளராய்ப் பணியாற்றிய வங்கத்து பாதல் சர்க்கார், படச்சட்டம் போன்ற மேடையையே உதறினார். மேடையில்லை, திரையில்லை, பளபளப்பு இல்லை. நடிகனும் பார்ப்பவனும் ஒரே தரையில். அதற்கு மூன்றாம் அரங்கு என்று பெயர் சூட்டினார். 1974இல் அவர் தந்த ‘மிச்சில்’ என்னும் ‘ஊர்வலம்’ அதற்குச் சான்று.

தில்லியில் 1973இல் தோன்றிய ‘ஜன நாட்டிய மஞ்ச்’ 1978இல் ‘மெஷின்’ என்ற தெருநாடகத்தைத் தந்தது. நடக்கும் நேரம் கால் மணிக்கும் குறைவு. ஒரு தொழிற்சாலையில் மிதிவண்டி நிறுத்த ஓர் இடமும் தேநீர் குடிக்க ஒரு சிற்றுண்டிச் சாலையும் கேட்ட தொழிலாளர்கள் சுடப்பட்ட நிகழ்ச்சியே அதன் கரு. நடிகர்களே இயந்திரமாக இயங்குவர், இயந்திரம் நின்றுவிடும், ஏன் நின்றது என்பதே நாடகம். அக்குழுவின் சப்தர் ஹாஷ்மி 1989 சனவரி முதல் நாள், சாகிபாபாதை அடுத்த ஜண்டாபூரில் ‘ஹல்லா போல்’ நாடகத்தை நடத்திக்கொண்டிருந்தபோது குண்டர்களால் தாக்கப்பட்டார். ராம் பகதூர் என்ற தொழிலாளி அங்கேயே கொல்லப்பட்டார். மறுநாள் சப்தரும் இறந்தார். அகவை 34. சனவரி 4ஆம் நாள், அவர் துணைவியார் மொலயஸ்ரீ தம் குழுவோடு அதே இடத்துக்குத் திரும்பினார். பாதியில் நின்ற நாடகத்தை முழுதாக நடித்து முடித்தார்.

கணவனை இழந்த மூன்றாம் நாள் ஒரு பெண் தெருவில் நின்று நாடகம் நடித்தாள். இங்கே நாமோ, வீட்டிலிருந்து அனுப்பமாட்டார்கள் என்கிறோம்!

இனி, செய்யவேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். முதலில் நாடகத்தை மன்றத்தில் வட்டமாக அமர்ந்து உரக்கப் படியுங்கள். மூன்று மாலைப் பொழுது போதும். ஆண்களும் பெண்களும் கலந்து அமருங்கள். இந்தப் பாத்திரம் செய்தது சரியா என்று வாதாடுங்கள். வாதம் சூடேறாத நாடகத்தை மேடைக்கு எடுக்க வேண்டாம். பிறகு, எழுதியவரிடமோ உரிமை உடையவரிடமோ முறையாக இசைவு பெறுங்கள். உழைப்பைத் திருடுவது கொள்கையாளருக்கு அழகன்று. ஊரின் பேச்சுமொழிக்கு ஏற்பச் சொல்லை எளிதாக்குவதாயினும் இசைவோடு செய்யுங்கள். இடையில் திரைப்பாட்டைச் செருகாதீர்கள். நாடகம் முடிந்ததும் விளக்கை அணைத்து ஓடாதீர்கள். அரைமணி நேரம் ஊரோடு அமர்ந்து பேசுங்கள். ஏசுவோர் ஏசட்டும். கேளுங்கள், மறுமொழி சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னே ஒன்று. அந்தச் சிற்றூர் மன்றத்தாருக்கு ‘சாந்ததா’ நாடகத்தின் படி ஒன்றை அனுப்பியிருக்கிறோம். கூடவே ஒரு குறிப்பும் வைத்தோம்: அடுத்த ஆண்டுவிழாவுக்கு வருவோம், பேணாரேயாக உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி மேடையில் நின்றால் முன்வரிசையில் அமர்வோம், இல்லையேல் மேடைக்கு நாற்காலி போடவேண்டாம், ஊர்ப் பெரியவர் வீடுகளுக்கு நம்மை அழைத்துச் செல்லுங்கள், அங்கே பேச வேண்டிய பேச்சு நமக்கு நிறைய இருக்கிறது.

மறுமொழி இன்னும் வரவில்லை. வரும்வரை காத்திருப்போம். உங்கள் மன்றத்திலிருந்து முதலில் வந்தால், அங்கே வருவோம்!